அடிக்கும் கைக்கு அனுமதி கொடுத்தது யார்?



மனைவியை அடிப்பது சரியா என்று கேட்டால், சரி என்று நேராகச் சொல்லக்கூடிய ஆண்மகன் நம் கூட்டத்தில் அநேகமாக இல்லை. “தப்புத்தான்” என்றே எல்லோரும் சொல்வோம். ஆனால் அடுத்த மூச்சில் அதே வாய், “ஆனாலும்...” என்று இழுக்கும். “ஆனாலும் மார்க்கத்தில் இடமிருக்கிறது” என்பார் ஒருவர். “ஆனாலும் நம் பாட்டன் காலத்து வழக்கம்” என்பார் மற்றொருவர். “ஆனாலும் குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே” என்பார் மூன்றாமவர். இந்த “ஆனாலும்” என்னும் சொல்லைப் பற்றியே நான் எழுதப் புகுந்தேன். அடிபடும் பெண்ணுக்குக் கணவனின் கையைவிட அதிகத் தீங்கு செய்வது, சுற்றி நிற்கும் நல்லவர்களாகிய நம் வாயிலிருந்து வரும் இந்தச் சொல்தான் என்பது என் அபிப்பிராயம்.

நான் ஆலிம் அல்லேன். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதும், இத்தனை ஆண்டுகள் கடையில் உட்கார்ந்து மனிதர்களைப் பார்த்ததும்தான் என் முதல். பிழை கண்டால் உலமாப் பெருமக்கள் திருத்தி எழுதலாம்.

முதலில், இது வீண் பேச்சல்ல என்பதற்கு நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2022ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் மலேசிய மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் துணை அமைச்சராக இருந்த சித்தி சைலா முகமது யூசோப் அவர்கள், குடும்ப வாழ்க்கைக்கு யோசனை சொல்லும் ஒரு சிறு காணொளியை வெளியிட்டார். அடங்காத மனைவிக்கு முதலில் புத்தி சொல்ல வேண்டும்; கேட்காவிட்டால் மூன்று நாள் படுக்கையைப் பிரிக்க வேண்டும்; அதற்கும் மசியாவிட்டால் கணவன் தன் உறுதியைக் காட்டும்படி மெதுவாக அடிக்கலாம் என்பது அதில் அவர் சொன்னதன் கருத்து. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பதவி விலக வேண்டும் என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. சொன்னவர் தெருவில் போகும் முரடர் அல்லர்; பெண்களைப் பாதுகாக்க ஏற்பட்ட அமைச்சின் துணை அமைச்சர்; அவரும் ஒரு பெண். கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. மார்க்கம் இப்படித்தான் சொல்கிறது என்று நம்பியே சொல்லியிருப்பார். நம்மில் பலரும் அப்படியே நம்புகிறோம். ஆகவே அந்த நம்பிக்கையைத்தான் எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

துணை அமைச்சர் சொன்ன மூன்று படிகளும் திருமறையின் நான்காம் அத்தியாயம் 34ஆம் வசனத்தைத் தழுவியவை. அந்த வசனம் இருக்கிறது; அதை மறைத்துப் பேசுவது யோக்கியமல்ல. ஆனால் ஒரு வசனத்தை எப்படி விளங்கிக்கொள்வது என்று நாம் யாரிடம் கேட்போம்? எவர் மூலமாக அது இறங்கியதோ அவரிடமல்லவா கேட்க வேண்டும்? நாயகம் (ஸல்) அவர்களின் நடப்பிலிருந்து நான்கு செய்திகளை இங்கே சுருக்கித் தருகிறேன். இவை நம் ஹதீஸ் கிரந்தங்களில் உள்ளவை.

ஒன்று. நாயகம் அவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும் எந்தப் பணியாளையும் ஒருபோதும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா நாயகி அவர்கள் அறிவித்திருப்பதாக முஸ்லிம் கிரந்தத்தில் இருக்கிறது. வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்களின் சாட்சி இது. அவர்கள் இல்லத்தில் மனவருத்தமே வந்ததில்லையா என்றால், வந்தது. ஒரு மாத காலம் துணைவியரைப் பிரிந்து தனியே தங்கிய சம்பவம் நமக்குத் தெரியும். அப்போதும் கை எழவில்லை.

இரண்டு. பெண்களை அடிக்காதீர்கள் என்று நாயகம் அவர்கள் தடுத்திருந்தார்கள். பிறகு உமர் (ரலி) அவர்கள் வந்து, பெண்கள் கணவர்களை எதிர்க்கத் துணிந்துவிட்டார்கள் என்று முறையிட, தடை தளர்த்தப்பட்டது. உடனே என்ன நடந்தது? பெண்கள் கூட்டங்கூட்டமாக நாயகம் அவர்களின் குடும்பத்தாரிடம் வந்து, தங்கள் கணவன்மார் மீது முறையிட்டார்கள். அப்போது அவர்கள், அப்படி அடிப்பவர்கள் உங்களில் நல்லவர்கள் அல்லர் என்று கூறினார்கள். இது அபூதாவூதில் உள்ளது. அனுமதி தளர்ந்த கணமே ஆண்கள் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும், அதைப் பார்த்து நாயகம் அவர்கள் யார் பக்கம் நின்று பேசினார்கள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

மூன்று. பாத்திமா பின்த் கைஸ் என்ற பெண்மணி, தம்மை மணக்க முஆவியாவும் அபூஜஹ்மும் கேட்கிறார்கள் என்று ஆலோசனைக்கு வந்தார். முஆவியாவிடம் பொருள் இல்லை என்றும், அபூஜஹ்ம் பெண்களை அடிக்கிறவர் என்றும் சொல்லி, இருவரையும் தள்ளி, உஸாமாவை மணந்துகொள்ளும்படி நாயகம் அவர்கள் யோசனை சொன்னார்கள். இதுவும் முஸ்லிமில் உண்டு. மனைவியை அடிப்பது ஆண்மையின் உரிமையானால், அதை ஒரு மாப்பிள்ளையின் குறையாக எண்ணி எச்சரித்திருப்பார்களா? நாம் மாப்பிள்ளை பார்க்கும்போது கடை எத்தனை, கடன் எவ்வளவு, ஊரில் வீடு உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். கை நீளுமா என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

நான்கு. ஹபீபா பின்த் ஸஹ்ல் என்ற பெண்மணியைக் கணவர் தாபித் எலும்பு முறியும்படி அடித்துவிட்டார். விடியற்காலையில் அப்பெண் நாயகம் அவர்களிடம் வந்து முறையிட்டார். தாபித் அழைக்கப்பட்டு, கொடுத்த மஹரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவரைப் பிரிந்துவிடும்படி தீர்ப்பாயிற்று. இதுவும் அபூதாவூதில் உள்ளது. “பொறுத்துப் போ அம்மா, பெண் என்றால் பூமாதேவி” என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. “உன் மேல் என்ன குற்றம்?” என்று கேட்கவுமில்லை.

இந்நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? வசனத்தை வாங்கிக்கொண்ட அந்த மாமனிதர் அதைத் தம் வாழ்வில் ஒருநாளும் அடியாக மாற்றவில்லை. முன்னோர்களில் மக்காவின் பெரிய அறிஞராகிய அதாஃ இப்னு அபீரபாஹ் அவர்கள், கணவன் கோபம் காட்டலாமே தவிர அடிக்கலாகாது என்று கருதியதாகச் சொல்லப்படுகிறது. நம் காலத்துக்கு அருகில், 1973இல் காலமான துனீசிய அறிஞர் இப்னு ஆஷூர் அவர்கள், ஆண்கள் இவ்விஷயத்தில் எல்லை மீறினால் அதைத் தடுத்துத் தண்டிக்க ஆட்சியாளருக்கு அதிகாரம் உண்டு என்று விளக்கியுள்ளார். நம் நாட்டில் சிஸ்டர்ஸ் இன் இஸ்லாம் என்ற பெண்கள் அமைப்பு, முஸ்லிம் ஆண்கள் மனைவியரை அடிக்கலாமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி 1991இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டது. அவ்வமைப்பின் எல்லாக் கருத்தையும் நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பெண்கள் கேட்கும்வரை ஆண்களாகிய நாம் கேட்கவில்லை என்பதை மறுக்க முடியாது.

அன்றியும், வியாபாரிகளாகிய நமக்கு அனுமதி வேறு, கடமை வேறு என்பது நன்றாகத் தெரியும். கடன் தவணை தவறினால் வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது; அதற்காகத் தவணை தவறிய ஒவ்வொருவர் மீதும் வழக்குப் போடுகிறவரை நல்ல வியாபாரி என்று சொல்லமாட்டோம். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்வதும் அதே திருமறைதான். ஆகவே, வாதத்துக்காக அனுமதி உண்டென்று வைத்துக்கொண்டாலும், “அனுமதி இருக்கிறது” என்பது “செய்தது சரி” என்பதற்கு ரசீது ஆகாது.

வழக்கம் என்னும் சரக்கு

மார்க்கத்தின் பெயரால் நாம் பேசுவதில் பாதி, மார்க்கத்தின் சரக்கே அல்ல. ஊர் வழக்கத்தின் சரக்கு. மூட்டையின் மேல் முத்திரை மட்டும் மார்க்கத்தினுடையது. “கல்லானாலும் கணவன், புல்லானாலும் புருஷன்” என்பது எந்த வசனம்? “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்பது எந்த ஹதீஸ்? “அடியாத மாடு படியாது” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறோம். அந்தப் பழமொழி மாட்டுக்குச் சொன்னது என்பதை மறந்துவிடுகிறோம். நிக்காஹ் செய்து, சாட்சி வைத்து, மஹர் கொடுத்து, அல்லாஹ்வின் பெயரால் அமானத்தாக வாங்கிய பெண்ணை மாட்டுக் கணக்கில் எழுதுவது எந்தப் பேரேட்டில் நியாயம்?

கைக்கூலி விஷயத்தைப் பாருங்கள். மார்க்கம் ஆணிடமிருந்து பெண்ணுக்கு மஹர் கொடுக்கச் சொன்னது. நாமோ அதைப் பெயருக்குச் சிறு தொகையாக எழுதிவிட்டுப் பெண் வீட்டாரிடமிருந்து நகையும் ரொக்கமுமாக வாங்குகிறோம். இந்தியாவில் 1961ஆம் ஆண்டிலேயே வரதட்சணை தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் நம் ஊர்களில் கொடுக்கல் வாங்கல் நின்றபாடில்லை. சொன்ன நகையில் குறைந்தால், வராத தொகைக்காகப் பெண் வசவு வாங்குகிறாள், அடியும் வாங்குகிறாள். தனக்கு இலாபமான இடத்தில் மார்க்கத்தை மூடி வைத்துவிட்டு, கை ஓங்கும்போது மட்டும் மார்க்கத்தைத் திறக்கிறவன், அளக்கும்போது ஒரு படியும் வாங்கும்போது ஒரு படியும் வைத்திருக்கிறவனுக்குச் சமம். அளவையில் மோசம் செய்கிறவர்களைப் பற்றித் திருமறையில் தனி அத்தியாயமே இருக்கிறது. கடைக்காரர்களாகிய நமக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை.

கோபம் வந்தால் என்ன செய்வது?

“மனிதன்தானே, கோபத்தில் கை தவறிவிட்டது” என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். சுங்க அதிகாரி சரக்கை மூன்று நாள் நிறுத்தி வைக்கிறார். நமக்குக் கோபம் வரவில்லையா? வருகிறது. கை நீளுகிறதா? இல்லை, “சார், சார்” என்று பல்லைக் காட்டுகிறோம். பாங்கு மானேஜர் கடன் இல்லை என்கிறார். மொத்த வியாபாரி நாலுபேர் முன்னால் நாக்கில் நரம்பில்லாமல் பேசுகிறார். பொறுத்துக்கொண்டு கடைக்குத் திரும்புகிறோம். கோபம் அடக்க முடியாத வெள்ளமானால் அது மேலே இருப்பவன் மீதும் பாய வேண்டுமே! கீழே இருக்கிறவள் மீது மட்டும் பாய்வதானால் அது கோபமல்ல; திருப்பி அடிக்கமாட்டாள், திருப்பி அடிக்கவும் யாரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு. கணக்குப் பார்த்துச் செய்த காரியத்துக்குக் கை தவறல் என்று பெயர் வைக்கக்கூடாது.

முன்னாளில் ஊரிலிருந்து வந்த சின்னப் பையன்களைக் கடைகளில் முதலாளிமார் கன்னத்தில் அறைவதுண்டு. “தொழில் படியட்டும்” என்று காரணம் சொன்னார்கள். பையனின் தகப்பனே, “கண்ணை மட்டும் விட்டுவிட்டு உரியுங்கள்” என்று சொல்லி ஒப்படைப்பான். இன்று எந்தக் கடையிலாவது அப்படிச் செய்ய முடியுமா? செய்தால் யாராவது மெச்சுவார்களா? அடி இல்லாமலே பையன்கள் தொழில் கற்கிறார்கள். முன்னைவிட நன்றாகவே கற்கிறார்கள். சம்பளம் வாங்கும் பையனுக்கு ஒத்துக்கொண்ட மரியாதையை, பிள்ளைகளின் தாய்க்கு ஒத்துக்கொள்ள நமக்கு என்ன தடை?

“குடும்ப விஷயம்” என்ற கதவு

அடுத்தபடியாக நாம் சாத்தும் கதவு இது. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் மூன்றாமவர் தலையிடலாமா என்கிறோம். இந்தக் கதவைத் திறக்க மலேசியாவில் எத்தனை ஆண்டுகள் ஆயின என்று பார்ப்போம். பெண்கள் அமைப்புகள் 1985ஆம் ஆண்டிலேயே ஒன்றுகூடி இதற்குத் தனிச் சட்டம் கேட்கத் தொடங்கின. அதே 1985இல் நம் ஜார்ஜ் டவுனில் பெண்கள் நெருக்கடி மையம் தோன்றியது. அதுவே பின்னர் மகளிர் மாற்ற மையம் என்ற பொருள்படப் பெயர் மாறி இன்றும் நடந்து வருகிறது. குடும்ப வன்முறைச் சட்டம், அதாவது 521ஆம் சட்டம், 1994இல் நிறைவேறியது. ஆனால் அமுலுக்கு வந்தது 1996 ஜூன் 1ஆம் தேதிதான். முஸ்லிம் குடும்ப விவகாரம் மாநில ஷரீஅத் சட்டத்துக்கு உட்பட்டதாயிற்றே, பொதுச் சட்டம் எப்படி நுழையலாம் என்ற ஆட்சேபம் அந்நாளில் பலமாக எழுந்தது. முடிவில் அச்சட்டம் தண்டனைச் சட்டத்தோடு இணைத்து எழுதப்பட்டது. அடி அடிதான், காயம் காயந்தான், அது குற்ற விஷயம். ஆகவே எல்லா மதத்தாருக்கும் பொது என்பது அதன் தாத்பரியம்.

இதில் மார்க்கத்துக்கு விரோதம் எங்கே இருக்கிறது? கூட்டரசுப் பிரதேசத்தின் 1984ஆம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்திலேயே, மனைவியைக் கொடுமை செய்பவனுக்கு அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருக்கிறது. கொடுமையின் பேரில் பஸஹ் கேட்கவும் மனைவிக்கு உரிமை உண்டு. அதற்கும் மேலாக, நம் மாப்பிள்ளைகள் நிக்காஹ் முடிந்தவுடன் தஃலீக் வாசித்துக் கையெழுத்திடுகிறார்களே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேர் படித்தோம்? மனைவியின் உடலுக்குத் தீங்கு செய்தால் அவள் ஷரீஅத் நீதிமன்றத்தில் முறையிட்டு விடுதலை பெறலாம் என்ற ஷரத்தை மாப்பிள்ளையே தன் வாயால் ஒப்புக்கொள்கிறான். ஹுண்டியில் போட்ட கையெழுத்துக்கு மானம் போய்விடும் என்று வீட்டை விற்றாவது பணம் கட்டிய பரம்பரை நாம். பள்ளிவாசலில் போட்ட கையெழுத்துக்கு மட்டும் மதிப்பில்லையா?

குடும்பம் உடைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு பதில். குடும்பத்தை உடைப்பது முறையீடு அல்ல, அடிதான். விரிசல் விட்ட கப்பலை விரிசல் என்று சொன்னவனா மூழ்கடித்தான்? அந்த வீட்டில் வளரும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த மகன், வாப்பா செய்ததையே ஆண்மை என்று கற்றுக்கொள்கிறான். மகள், உம்மா பொறுத்ததையே பெண்மை என்று கற்றுக்கொள்கிறாள். ஒரு தலைமுறைக் கடன் அடுத்த தலைமுறைப் பேரேட்டில் ஏறிவிடுகிறது.

நம் வீட்டில் மட்டுமா?

இப்படி எழுதினால், முஸ்லிம்களை மட்டும் ஏன் குறை சொல்கிறாய் என்று சிலர் வருந்தலாம். இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. உலகத்தில் மூன்று பெண்களில் ஒருவர் அளவில் வாழ்நாளில் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்குக் கூறியது. அதில் எல்லா மதத்தாரும், மதமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. வங்காளத்தில் கணவன் சிதையில் விதவையை ஏற்றிய உடன்கட்டை வழக்கத்தை 1829இல் பெண்டிங் பிரபு தடை செய்தபோது, தங்கள் மதத்தில் கை வைக்கிறார்கள் என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரையில் மேல்முறையீடு சென்றது. 1832இல் அது தள்ளுபடியாயிற்று. சாஸ்திரம் விதவையை எரியச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்று அந்நாளில் வாதாடியவர் ராம்மோகன் ராய். அவரும் அச்சமயத்தில் பிறந்தவரே. தமிழ்நாட்டில் 2016 மார்ச் 13ஆம் தேதி, உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் என்ற இளைஞரையும் அவர் மனைவி கௌசல்யாவையும் அரிவாளால் வெட்டினார்கள். அவர் இறந்தார், அப்பெண் காயத்தோடு பிழைத்தார். சாதி விட்டு மணந்ததே குற்றம். காரணம் மானம் என்றார்கள்.

எல்லாக் கூட்டத்திலும் பெண்ணின் உடம்பின் மேல்தான் மதமும் வழக்கமும் மானமும் எழுதப்படுகின்றன. ஆனால் பக்கத்துக் கடையில் எடை குறைகிறது என்பது நம் கடையில் எடை குறைவதற்குச் சமாதானம் ஆகாது. அவரவர் தராசை அவரவர்தான் சரி பார்க்க வேண்டும். ராம்மோகன் ராய் தம் வீட்டுத் தராசைச் சரி பார்த்தார்.

நம்மிலும் அப்படிச் செய்தவர்கள் உண்டு. புதுக்கோட்டையில் ஷரீபா கானம் என்ற பெண்மணி ஸ்டெப்ஸ் என்னும் அமைப்பை நடத்தி, முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத்தே கூட்டினார். காரணம் என்ன? நம் ஊர்களில் மஹல்லா ஜமாஅத் கூடித் தலாக்கையும் கைக்கூலியையும் அடிதடியையும் விசாரிக்கும்போது, விசாரிப்பவர் அனைவரும் ஆண்கள். சம்பந்தப்பட்ட பெண்ணுக்குப் பல இடங்களில் அவைக்குள் வந்து பேசவும் வழியில்லை. அவளுக்காக அண்ணனோ தகப்பனோ பேச வேண்டும். அவர் வழி எல்லோருக்கும் சம்மதமாக இல்லாமல் இருக்கலாம். பெண்கள் பள்ளிவாசல் கட்டப்போவதாக அவர் சொன்னபோது எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்தால் அவர்கள் ஏன் தனி வாசல் வைக்க வேண்டும் என்பதை நாம் யோசிக்க வேண்டாமா?

தராசைப் பிடிப்பது யார்?

இனி நம் சங்கத்துக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் வருகிறேன். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுவே.

34ஆம் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள், அதற்கு அடுத்த 35ஆம் வசனத்தைச் சொல்வதில்லை. தம்பதிகளுக்குள் பிளவு வருமென்று அஞ்சினால், அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரும் வைக்கும்படி அது கட்டளையிடுகிறது. இரு தட்டும் சமமாக இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. நாம் எப்படிச் செய்கிறோம்? பினாங்கில் ஒரு வீட்டில் சச்சரவு என்றால் நாலு பெரியவர்கள் போகிறார்கள். அந்த நால்வரும் யார்? ஒருவர் கணவனுக்குச் சரக்குக் கொடுப்பவர். ஒருவர் அவனிடம் வாங்குபவர். ஒருவர் அவனோடு சீட்டுப் போட்டவர். ஒருவர் அவன் ஊர்க்காரர். பெண் பக்கத்தில் யார்? ஊரிலிருந்து மணமுடித்துக் கூட்டி வந்த பெண்ணானால் தாய் வீடு கடலுக்கு அப்பால், பாஸ்போர்ட் கணவன் அலமாரியில், விசாவும் அவனைச் சார்ந்தது, பாஷையும் தெரியாது. இந்த நிலையில், “ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துப் போங்கள்” என்று சொல்லித் தேநீர் குடித்துவிட்டு வருவதற்கு சமரசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அடித்தவன் எதை விட்டுக்கொடுத்தான்? அடிபட்டவள் எதை வாங்கிக்கொண்டாள்? சரக்கு வழக்கில் இப்படி ஒருதலையாகப் பஞ்சாயத்து நடந்தால், நாமே எழுந்து வெளியே போய்விடமாட்டோமா?

ஆகவே என் யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, நம் சங்கத்துக்கு இப்படி ஒரு முறையீடு வந்தால், கணவனோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் நடுவராகப் போகக்கூடாது. பெண்ணுக்கென்று ஒரு நடுவரை அப்பெண்ணே தேர்ந்துகொள்ளட்டும். கேட்பவர்களில் பெண்களும் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு பெண் தன் உடம்பின் காயத்தை நாலு ஆண்களிடம் எப்படிச் சொல்வாள்?

இரண்டாவது, காயம் பட்டிருந்தால் முதலில் மருத்துவமனை. அப்புறம்தான் சமரசப் பேச்சு. 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் இத்தகைய பெண்களுக்கென்று ஒரே இடத்தில் எல்லா உதவியும் கிடைக்கும் பிரிவு தொடங்கினார்கள். பின்னர் பினாங்கு உட்பட அரசாங்க மருத்துவமனைகளில் அது பரவியது. 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சமூக நல அதிகாரியே ஏழு நாட்களுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். 15999 என்ற அரசாங்கத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. இந்த எண்ணை நம் கடைகளில் நாள்காட்டிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவாகிவிடும்?

மூன்றாவது, நிக்காஹ் நாளில் பிரியாணிக்குக் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கு தஃலீக்குக்குக் காட்டுவோம். மாப்பிள்ளைக்கும் மணப்பெண்ணுக்கும், ஊரிலிருந்து வந்த பெண் வீட்டாருக்கும் அதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஓர் ஆலிமை ஏற்பாடு செய்வோம்.

நான்காவது, ஜும்ஆ மேடையில் கதீபுமார்கள் ஹபீபா பின்த் ஸஹ்ல் அவர்களின் வரலாற்றையும், 35ஆம் வசனத்தையும் ஆண்டில் ஒரு முறையாவது சொல்லட்டும். கொசுத் தொல்லையைப் பற்றியும் வாகனம் நிறுத்துவதைப் பற்றியும் அறிவிப்புச் செய்ய நேரமிருக்கும்போது, இதற்கும் நேரமிருக்கும்.

முடிவாக

“நாம் யார் வீட்டுக்குள்ளும் புகுந்து பார்க்க முடியுமா?” என்று கேட்பீர்கள். புக வேண்டாம். தட்டுகிற பெண்ணுக்குக் கதவைத் திறந்தால் போதும். நம் வீட்டுப் பெண்களிடம் ஒருத்தி வந்து அழுதால், “அல்லாஹ் போதுமானவன், பொறுத்துக்கொள்” என்று சொல்லி அனுப்புவதற்கு முன்னால் ஒன்றை யோசிப்போம். பொறுமை என்பது பெரிய நற்குணந்தான். ஆனால் அதை அடிபட்டவளுக்கு மட்டும் போதித்து, அடித்தவனுக்குப் போதிக்காமல் விடுவது, கடன் கொடுத்தவனைப் பொறுத்துப் போகச் சொல்லிவிட்டுக் கடன் வாங்கியவனைக் கேளாமல் விடுவது போன்ற அநியாயம்.

மறுமையில் தராசு நிறுத்தப்படும் என்று நம்புகிறவர்கள் நாம். அன்று நம் பொருளைப் பற்றிக் கேட்கப்படும். அமானத்தைப் பற்றியும் கேட்கப்படும். “நான் என் மனைவியை அடித்ததில்லை” என்று பலர் பதில் சொல்ல முடியும். “அடித்தவனைப் பார்த்தபோது நீ என்ன சொன்னாய்?” என்ற அடுத்த கேள்விக்கு, “ஆனாலும்...” என்று தொடங்கும் பதில் அங்கே செல்லுபடியாகுமா என்பதை ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வல்ல நாயன் நம் கைகளை அநீதியிலிருந்தும், நம் நாவுகளை அநீதிக்குச் சாக்குச் சொல்வதிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.